பாட்டன் பாட்டியின் கதையைப் பதிந்து வைப்பது எப்படி: கொழும்புக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

குடும்ப வரலாற்றைத் தேடப் புறப்படுகிறவர்களில் பாதிப் பேர் முதல் வேலையாகக் குடும்ப மரச் செயலி ஒன்றை இறக்கிப் பெயர்களை நிரப்பத் தொடங்குவார்கள். பூட்டன் பெயரோடு முட்டி நின்றுவிடும். மற்றப் பாதி அலுமாரியில் கிடக்கும் படங்களை எல்லாம் ஸ்கான் பண்ணத் தொடங்கும். படங்கள் கணினியில் ஏறி முடிகிற நேரம், அவற்றில் நிற்பவர்கள் யார் யார் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் ஆஸ்பத்திரியில் இருப்பார்.

இரண்டிலும் பிழைத்தது வரிசைதான். காணி உறுதியின் பிரதி அடுத்த வருடமும் பதிவகத்தில் இருக்கும். அம்மம்மாவின் ஞாபகம் இருக்குமா என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே முதலில் குரல், அடுத்தது படம், பிறகு கடதாசி, கடைசியில்தான் மரம். கீழே உள்ள படிகள் அந்த ஒழுங்கில்தான் இருக்கின்றன.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஒலிப்பதிவுக் கருவி வாங்கத் தேவையில்லை. போனில் உள்ள ஒலிப்பதிவுச் செயலி போதும். போனில் இடம் இருக்கிறதா, சார்ஜ் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கெட்டி மட்டை போட்ட சீஆர் கொப்பி ஒன்று வாங்குங்கள். இடப் பக்கத்தில் அவர் சொன்னதை எழுதுங்கள். வலப் பக்கத்தை வெறுமையாக விடுங்கள்; பின்னர் வேறு ஒருவர் சொல்வதோ ஆவணத்தில் கிடைப்பதோ அதே விடயத்துக்கு நேரே அங்கே ஏறும். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதினால், ஆறு மாதம் கழித்து எது அப்பப்பா சொன்னது, எது நீங்கள் ஊகித்தது என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

இவற்றோடு பென்சில், சின்னத் துவாய் ஒன்று, சமையலறைத் தராசு, ஒரு வெளி ஹார்ட் டிஸ்க். அவ்வளவுதான்.

2. யாரிடம் முதலில் போவது

வயதில் மூத்தவரிடம் முதலில் போக வேண்டும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஞாபகம் தளரத் தொடங்கியவரிடம்தான் முதலில் போக வேண்டும், அவர் வயதில் இளையவராக இருந்தாலும். தொண்ணூறு வயதில் தெளிவாகக் கதைக்கிற அப்பப்பா அடுத்த மாதமும் தெளிவாக இருக்கக்கூடும். எழுபத்தைந்து வயதில் ஒரே கேள்வியை மூன்று தரம் கேட்கிற பெரியம்மா காத்திருக்க மாட்டார்.

அடுத்து, கலியாணம் கட்டாமல் பெற்றோருடனேயே இருந்த மாமியோ சித்தியோ உங்கள் குடும்பத்தில் இருந்தால் அவரை விடாதீர்கள். வீட்டுக்கு வந்த ஒவ்வொரு கடிதத்தையும் வாசித்தவர், ஒவ்வொரு சண்டையையும் கேட்டவர் பெரும்பாலும் அவர்தான். யாரும் அவரிடம் கேட்பதில்லை என்பதால் கேட்டதும் கொட்டுவார்.

கனடாவிலோ லண்டனிலோ உள்ள சகோதரங்களையும் பட்டியலில் சேருங்கள். வாட்ஸ்அப் அழைப்பை இங்கிருந்து பதிவதைவிட, அங்கே பக்கத்தில் இருக்கிற பேரப்பிள்ளை ஒருவர் தன் போனை மேசையில் வைத்துப் பதிவது எவ்வளவோ தெளிவு. ரொறன்ரோவில் காலைச் சாப்பாடு முடிகிற நேரம் வெள்ளவத்தையில் இரவுச் சாப்பாட்டு நேரம். அதைப் பொருத்தி நேரம் வையுங்கள்.

3. எப்படிச் சொல்லி இருத்துவது

‘பேட்டி’ என்று வாய் திறக்காதீர்கள். அப்பம்மா நல்ல சேலை உடுத்து, நேராக நிமிர்ந்து இருந்து, வானொலிச் செய்தி வாசிக்கிற தமிழில் கதைக்கத் தொடங்கிவிடுவா. அதில் கதை வராது, அறிவுரைதான் வரும்.

பழைய படம் ஒன்றைக் கையில் கொடுத்து, “அப்பம்மா, இதில நிக்கிறது ஆர் எண்டு ஒருக்கால் சொல்லுங்கோ” என்றால் போதும். பதிவு செய்வதை மட்டும் மறைக்க வேண்டாம். “மறந்துபோகும், அதால போனில பிடிக்கிறன், சரியோ?” என்று கேட்டு, அவர் ஓம் என்று சொல்வதும் பதிவில் விழட்டும். களவாகப் பதிந்த குரலை நாளைக்கு யாருக்கும் போட்டுக் காட்ட முடியாது.

4. அறையும் நேரமும்

கொழும்பில் இதுதான் பெரிய தலையிடி. காலி வீதியில் பஸ், கரையோரத்தில் ரயில், ஒழுங்கைக்குள் பீதோவனின் இசையைப் போட்டுக்கொண்டு வரும் சூன் பாண் ஓட்டோ. அவற்றை நிறுத்த முடியாது, விலகத்தான் முடியும். வீதிக்கு எதிர்ப்பக்க அறையை எடுங்கள். படுக்கையறை நல்லது, ஏனென்றால் மெத்தையும் திரைச்சீலையும் எதிரொலியைக் குடித்துவிடும். ஓடு பதித்த வரவேற்பறையில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும்.

சீலிங் ஃபான் ஓடினால் அதன் இரைச்சல் பதிவு முழுக்க ஓடும். அதை நிறுத்திவிட்டு, மேசை ஃபான் ஒன்றை அவர் முதுகுப் பக்கமாகத் தூரத்தில் மெதுவாக விடுங்கள். போனை விமான நிலைக்கு மாற்றி, மடித்த துவாயின் மேல், அவர் வாயிலிருந்து ஒரு முழத் தூரத்தில் வையுங்கள். துவாய் இல்லாவிட்டால் அவர் மேசையில் விரல் தட்டுகிற ஒவ்வொரு தட்டும் இடியாக விழும்.

பல வயதானவர்களுக்குக் காலை நேரம்தான் தெளிவு, தேத்தண்ணி குடித்து முடிந்த கையோடு. முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். களைத்த பிறகு வருவது ஓம், இல்லை மட்டுமே.

முதலில் அரை நிமிடம் பதிந்து, காதில் போட்டுக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பிறகு உங்கள் குரலில் திகதி, இடம், யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயர் மாறிப்போனாலும் குரலுக்குள் விபரம் இருக்கும்.

5. என்ன கேட்பது

“உங்கட வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கோ” என்றால் “என்னத்தைச் சொல்ல, கஷ்டப்பட்டு வளர்ந்தனாங்கள்” என்ற ஒரு வரியோடு முடிந்துவிடும். பெரிய கேள்விக்குப் பெரிய பதில் வராது. கையால் தொடக்கூடிய ஒன்றைப் பற்றிக் கேட்டால்தான் ஞாபகம் அசையும்.

நான் பார்த்ததில் தவறாமல் வேலை செய்வது வீட்டு வரைபடம். சீஆர் கொப்பியையும் பென்சிலையும் அவர் கையில் கொடுத்து, சின்ன வயதில் இருந்த வீட்டைக் கீறச் சொல்லுங்கள். விறாந்தை எங்கே, கிணறு எந்தப் பக்கம், குசினியிலிருந்து பார்த்தால் என்ன தெரியும், யார் எங்கே படுத்தது? கோடு கோணலாகத்தான் வரும். ஆனால் கிணற்றடியைக் கீறும்போது அங்கே உடுப்புத் தோய்த்த ஆச்சியின் பெயர் வரும். பின் கதவைக் கீறும்போது அதனூடாக யார் வந்து போனார்கள் என்று வரும். பின் கதவுக் கதைகளைத்தான் கல்வெட்டில், அதாவது இறந்தவரின் நினைவு மலரில், யாரும் அச்சிடுவதில்லை.

கொட்டாஞ்சேனையிலோ ஜிந்துப்பிட்டியிலோ பிறந்து வளர்ந்தவரானால் வீட்டுக்குப் பதிலாகத் தெருவைக் கீறச் சொல்லுங்கள்: எந்த வீட்டில் யார், தண்ணீர்க் குழாய் எங்கே, பள்ளிக்கூடத்துக்கு எந்த வழி, எந்தக் கோயில் மணி கேட்கும். தோட்டத்திலிருந்து வந்த குடும்பமானால் லயத்தைக் கீறச் சொல்லி, தோட்டத்தின் இரண்டு பெயர்களையும் கேளுங்கள். கடதாசியில் உள்ள ஆங்கிலப் பெயர் ஒன்று, சனங்கள் வழங்கும் தமிழ்ப் பெயர் வேறொன்று. ஒன்றை மட்டும் எழுதி வைத்தால் பின்னர் ஆவணத்தில் தேடிப் பிடிக்க முடியாது.

புதியவர்கள் விடும் பெரிய பிழை, மௌனத்தைத் தாங்க முடியாமல் அடுத்த கேள்விக்குப் பாய்வது. அவர் நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். நல்ல கதை அநேகமாக ஏழுக்கும் பத்துக்கும் இடையில்தான் வரும்.

திருத்தவும் கூடாது. “இல்லை அப்பப்பா, அது எழுபத்தேழு” என்று ஒரு தரம் சொன்னால், அதற்குப் பிறகு ஒவ்வொரு வசனத்தையும் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் சொல்லுவார்.

6. ஆண்டைப் பிடிப்பது

“எந்த வருஷம்?” என்ற கேள்வி பெரும்பாலும் பயனற்றது. அவருக்குத் தெரிந்த ஒரு நிகழ்வுக்கு முன்னா பின்னா என்று கேளுங்கள். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இந்த அடையாளங்களை எழுதி வையுங்கள்:

1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு அன்று யப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டது. 1953 ஓகஸ்ட், அரிசி விலை ஏறியதால் வந்த ஹர்த்தால். 1956, யாழ்தேவி ஓடத் தொடங்கியது. 1958 கலவரம். 1964 டிசம்பர், தலைமன்னாரையும் தனுஷ்கோடியையும் அடித்த புயல். 1972, சிலோன் ஸ்ரீலங்கா ஆனது. 1978 நவம்பர், மட்டக்களப்புச் சூறாவளி. 1979, இலங்கையில் தொலைக்காட்சி தொடங்கியது. 1983 யூலை. 1995 ஒக்ரோபர், வலிகாமம் இடப்பெயர்வு.

“அம்மா பிறக்கும்போது பெரியப்பா பள்ளிக்கூடம் போகத் தொடங்கிட்டாரோ?” போன்ற உறவு அடையாளமும் நன்றாக வேலை செய்யும்.

சாதகக் குறிப்பு இருந்தால் தமிழ் வருடம் கிடைக்கும். அதில் ஒரு பொறி உண்டு. யுவ வருடம் 1935 சித்திரையில் தொடங்குகிறது. யுவ வருடம் தை மாதம் பிறந்தவர் 1936இல் பிறந்தவர். ஆண்டை மட்டும் பார்த்து 1935 என்று எழுதிவிடுவார்கள்.

பழைய அடையாள அட்டையும் ஒரு சாட்சி. ஒன்பது இலக்க எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். 34562 என்று தொடங்கினால் 1934, பெண், 62ஆவது நாள். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று கணக்கு வைப்பதால் அது மார்ச் 2. இந்தத் திகதியும் சாதகத் திகதியும் ஒத்துவராவிட்டால் பதற வேண்டாம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கவும் உத்தியோகத்துக்காகவும் வயதைக் கூட்டிக் குறைத்த காலம் அது. இரண்டையும் எழுதி வையுங்கள்.

7. கலவரமும் போரும் வரும் இடம்

கொழும்பில் பல தமிழ்க் குடும்பங்களில் 1958, 1977, 1983 ஆகிய மூன்றில் ஒன்றாவது கட்டாயம் வரும். நீங்களாக முதல் நாளே அதற்குள் இறங்க வேண்டாம். அவர் தொட்டால் தொடரலாம். “அதை விடு” என்றால் விடுங்கள்.

நேரடியாகக் கேட்பதைவிட, வீட்டுப் பழக்கம் ஒன்றிலிருந்து போவது மென்மையான வழி. அலுமாரியின் கீழ்த்தட்டில், உறுதி, பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் எல்லாம் போட்டுச் சிப் இழுத்த பை ஒன்று இருக்கிறதா? “இதை ஏன் அம்மம்மா எப்பவும் ஒரே இடத்தில வைக்கிறீங்கள்?” என்று கேளுங்கள். முகாமுக்குப் போன கதை, ஒளித்து வைத்த அயலவரின் கதை, கப்பலில் காங்கேசன்துறைக்குப் போன கதை அந்தப் பையிலிருந்து வரலாம். உங்கள் அம்மா ஏன் வீட்டுக்கு நல்ல தளபாடம் வாங்க மனமில்லாமல் பிள்ளைகளின் படிப்புக்கே காசைக் கொட்டினா, நீங்கள் ஏன் பஸ்ஸில் போனில் மெதுவாகத் தமிழ் கதைக்கிறீர்கள் என்பதற்கும் அங்கே விடை கிடைக்கலாம். அதை அவரிடம் விளக்கப் போகாதீர்கள். கொப்பியின் வலப் பக்கத்தில் எழுதுங்கள்.

இப்படியான பதிவு முடிந்ததும் எழும்பி ஓடாதீர்கள். தேத்தண்ணி குடித்து, வேறு ஏதாவது கதைத்துவிட்டு, அன்றிரவு ஒரு தரம் போன் எடுத்து எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள்.

8. கைப்பக்குவத்தை அளப்பது

சமையலைக் கேட்டு எழுதாதீர்கள். செய்யச் சொல்லிப் பாருங்கள். “கொஞ்ச உப்பு, ஒரு சிறங்கை மா” என்பதுதான் வாயால் கிடைக்கும். பாத்திரத்தில் போடுமுன் அவர் கையில் அள்ளியதைத் தராசுத் தட்டில் போடச் சொல்லுங்கள். நிறையை எழுதிவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். ஒரு சிறங்கை அவருக்கு எத்தனை கிராம் என்று ஒரு தரம் தெரிந்துவிட்டால் மற்ற எல்லாப் பதார்த்தத்துக்கும் அது உதவும். ரின்பால் பேணியால் அளப்பவரானால் அந்தப் பேணியையே படம் எடுத்து, எவ்வளவு தண்ணீர் பிடிக்கிறது என்று அளந்து வையுங்கள்.

அடுப்படியில் கதையும் நன்றாக ஓடும். கை வேலையில் இருக்கும்போது வாய்க்குக் கூச்சம் போய்விடும்.

9. அன்றிரவே செய்ய வேண்டியது

கோப்புக்குப் பெயர் வையுங்கள்: ஆண்டு, மாதம், நாள், பேசியவர், இடம், இந்த ஒழுங்கில். ஆண்டு முன்னால் இருந்தால் கணினி தானே வரிசைப்படுத்தும். “அம்மம்மா” என்று மட்டும் பெயர் வைக்காதீர்கள். உங்கள் பிள்ளைக்கு அவர் அம்மம்மா இல்லை. முழுப் பெயர் வேண்டும்.

மூன்று பிரதி: கணினியில் ஒன்று, ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று. ஹார்ட் டிஸ்க் வேறு வீட்டில் இருப்பது நல்லது. முழுவதையும் எழுத்தாக்க வேண்டியதில்லை. “12 நிமிடம்: பூட்டியின் கலியாணம், 19: கிணறு இடிந்தது” என்று ஒரு பக்கக் குறிப்பு போதும். அந்தக் குறிப்பு இல்லாத ஒலிப்பதிவை யாரும் திரும்பக் கேட்பதில்லை.

10. படங்கள்

கடற்கரைப் பக்கத்துத் தொடர்மாடிகளில் உப்புக் காற்றும் ஈரமும் படங்களைத் தின்னும். பூஞ்சணம் பிடித்ததை ஈரத் துணியால் துடைக்காதீர்கள். படப் பூச்சே கழன்று வரும். உலர்ந்த மென்மையான தூரிகை மட்டும்.

பிளாஸ்டிக் தாள் மூடிய ஒட்டும் அல்பங்கள் மோசமானவை. பசை படத்தைப் பழுதாக்கும். கழற்றப் போகுமுன் அந்தப் பக்கத்தை அப்படியே படம் எடுங்கள், ஏனென்றால் எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எது இருந்தது என்பதும் ஒரு தகவல். பிறகு பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்குக் கீழே விட்டு மெதுவாக அறுங்கள். வராவிட்டால் விடுங்கள், அல்பத்தோடேயே ஸ்கான் பண்ணலாம்.

படத்துக்கு 600 டிபிஐ, கடதாசிக்கு 300 டிபிஐ போதும். பின்பக்கத்தையும் ஸ்கான் பண்ணுங்கள். ஸ்டூடியோவின் முத்திரை, கையெழுத்து, “என் அன்பு அண்ணாவுக்கு” என்ற ஒரு வரி எல்லாம் அங்கேதான் இருக்கும். பெயர் எழுதுவதானால் பின்பக்கத்தில் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள்; குமிழ்முனைப் பேனா முன்பக்கம் தெரியும். லமினேட் பண்ணவே வேண்டாம். ஒருமுறை பண்ணினால் கழற்ற வழியில்லை.

உறவினரிடமிருந்து வாட்ஸ்அப்பில் படம் கேட்கும்போது ‘டொக்கியுமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். சும்மா அனுப்பினால் சுருங்கி வரும். முகத்தைப் பெரிதாக்கினால் சதுரம் சதுரமாகத் தெரியும்.

11. கடதாசிகள்

வீட்டில் உள்ளதை முதலில் தேடுங்கள். யாழ்ப்பாணத்து வேர் உள்ள குடும்பமானால் 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு அச்சிட்ட கல்வெட்டு ஒன்றாவது பழைய புத்தகங்களுக்கிடையில் கிடக்கும். வம்சாவளி, ஊர், மருமக்கள் பெயர் எல்லாம் அதில் ஒரே இடத்தில் கிடைக்கும். ஆனால் அது துக்க வீட்டில் அவசரத்தில் எழுதியது. இரண்டாம் தாரமும் கோபித்துப் போன மகனும் அதில் இருக்க மாட்டார்கள். சொந்த வீட்டில் கிடைக்காவிட்டால், நூலகம் நிறுவனம் 2005 முதல் நடத்திவரும் எண்ணிம நூலகத்தில் ஆளின் பெயராலும் ஊர்ப் பெயராலும் தேடிப் பாருங்கள்.

காணி உறுதியை வழக்கறிஞர் வாசிப்பதுபோல் வாசிக்க வேண்டாம். மூன்று இடங்களைப் பாருங்கள். காணி முதுசொமாக வந்ததா, சீதனமாக வந்ததா, தேடிய தேட்டமா என்பது அது பரம்பரைச் சொத்தா, கலியாணத்தில் கொடுத்ததா, சொந்த உழைப்பா என்று சொல்லும். நான்கு எல்லைகளில் வரும் பெயர்களைக் கவனியுங்கள். பங்கு பிரித்த காணியானால் எல்லைக்காரர் பெரும்பாலும் சகோதரங்கள். கடைசியாகச் சாட்சிகள்: அவர்களும் அநேகமாகச் சொந்தக்காரர்.

பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பதிவு நடந்த பிரிவுக்குரிய பிரதேச செயலகத்தில் கேட்கலாம். நமக்குக் குடும்பப் பெயர் இல்லாததால் தகப்பன் பெயரும் பதிவுப் பிரிவும் தெரியாமல் போனால் தேடுவது கடினம். முதலில் குரலைப் பதியச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். சான்றிதழில் பலர் கவனிக்காமல் விடும் கட்டம் ஒன்று உண்டு: பாட்டன் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம். தகப்பன் இங்கே பிறக்காவிட்டால் பூட்டனுக்கும் ஒரு கட்டம். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தகப்பன், பாட்டன், பூட்டன் எங்கே பிறந்தார்கள் என்பதை வைத்துத்தான் ஒருவர் இந்நாட்டவரா என்று தீர்மானித்தது. அந்த இடம் வெறுமையாக இருந்தால் அதையும் குறித்து வையுங்கள்.

மலையகக் குடும்பங்களில் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும், 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னும் குடியுரிமைக்காகப் போட்ட விண்ணப்பங்களின் பிரதிகள் தகரப் பெட்டியில் இருக்கக்கூடும். தமிழ்நாட்டு ஊர்ப் பெயர் அவற்றில்தான் பெரும்பாலும் சரியாக எழுதியிருக்கும். பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்களிடம் உத்தேச வயதுச் சான்றிதழ் இருக்கும். அதில் உள்ள திகதியைப் பிறந்தநாளாக எடுக்காதீர்கள்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிறது. ஞானப் பெற்றோரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய பத்திரிகைகளில் மரண அறிவித்தல் தேட, கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் கூடத்துக்குப் போகலாம். திகதி ஓரளவாவது தெரிந்த பிறகே போங்கள். தெரியாமல் போனால் ஒரு பகல் முழுக்கச் சினிமா விளம்பரம் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

12. இப்போது மரம்

செயலி எதுவாயினும் சரி. உறவுமுறையை அவர்கள் சொன்னபடியே குறிப்பில் எழுதுங்கள். மச்சானைக் கட்டிய மச்சாள் இரண்டு வழியால் சொந்தமாக வருவா. செயலி குழம்பினாலும் நீங்கள் குழம்பக் கூடாது. ஆங்கில எழுத்தில் ஒரே பெயர் மூன்று விதமாக இருந்தால் மூன்றையும் போடுங்கள். குழந்தையிலேயே தவறியவர்களையும் சேருங்கள். பெண்களை ‘இன்னாரின் மனைவி’ என்று விட்டுவிடாதீர்கள். பெயர் தெரியாவிட்டால் திருமணப் பதிவைத் தேடுங்கள்.

இரண்டு சகோதரங்கள் ஒரே சம்பவத்தை வேறு வேறாகச் சொன்னால் தீர்ப்பு வழங்க வேண்டாம். இரண்டையும் சொன்னவர் பெயரோடு வையுங்கள்.

13. யாருக்கு எதைக் கொடுப்பது

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் முழுவதையும் கொட்டாதீர்கள். ஐந்து நிமிடத் துண்டுகளாக, ஒரு படத்தோடு போடுங்கள். “அது நான் இல்லை, தங்கச்சி” என்று திருத்தம் வரும், அதுவும் தகவல்தான்.

உயிரோடு இருப்பவர்களின் பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், காணி விபரம், தாயின் கன்னிப் பெயர் ஆகியவற்றைப் பொதுவில் விடும் பிரதியிலிருந்து நீக்குங்கள். வங்கிகள் கேட்கும் கேள்விகளுக்கு அவைதான் விடை. “இதை வெளியில சொல்லாதை” என்று ஒருவர் சொன்ன பகுதியைத் தனிக் கோப்பாக வெட்டி, எப்போது திறக்கலாம் என்று அவரிடமே கேட்டுக் கோப்பின் பெயரில் எழுதுங்கள்.

பொது ஆவணக் களஞ்சியத்துக்குக் கொடுக்க விரும்பினால் நூலகம் நிறுவனத்தின் ‘ஆவணகம்’ தளம் படங்களையும் ஒலிப்பதிவுகளையும் பேணுகிறது. கொடுக்குமுன் பேசியவரிடமும், அவர் இல்லாவிட்டால் பிள்ளைகள் எல்லாரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். ஒரு பிள்ளையிடம் மட்டும் வாங்கினால் மற்றவர் அடுத்த கலியாண வீட்டில் உங்களைப் பிடிப்பார்.